சங்குமணியும் வெள்ளிச் சங்கிலியும்: ஹோடினோஷோனி கூட்டமைப்பும் ஐரோப்பியப் பேரரசுகளும்

வட அமெரிக்காவின் வரலாற்றை, ஐரோப்பியர் வந்தனர், பூர்வகுடிகள் வீழ்ந்தனர் என்று இரண்டே வரிகளில் சொல்லி முடிக்கும் வழக்கம் நெடுநாளாக நிலவிவந்துள்ளது. முடிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தச் சுருக்கத்தைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த வீழ்ச்சிக்கு முன்னர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயப் பேரரசுகளின் ஆளுநர்களும் தளபதிகளும் பூர்வகுடித் தலைவர்களின் நட்பை நாடி, அவர்கள் வகுத்த முறைப்படியே அவர்கள் முன் அமர்ந்து பேசவேண்டியிருந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது. இன்றைய நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியைத் தாயகமாகக் கொண்டிருந்த ஹோடினோஷோனி கூட்டமைப்பின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். பேரரசுக்கும் தொல்குடிக்கும் இடையிலான உறவு எந்தச் சூழலில் சமநிலையில் நின்றது, எதனால் குலைந்தது என்பதை அதில் படிப்படியாகக் காணலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் இரோக்குவா என்று குறிப்பிட்ட இம்மக்கள் தங்களை ஹோடினோஷோனி, அதாவது நீள்வீட்டு மக்கள், என்றே அழைத்துக்கொண்டனர். மரச்சட்டங்களின்மேல் எல்ம் மரப்பட்டை வேய்ந்து, நடுவே வரிசையாக அடுப்புகள் அமைத்து, தாய்வழியில் உறவான பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீண்ட குடியிருப்பே நீள்வீடு எனப்பட்டது. கிழக்கிலிருந்து மேற்காக மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா என்னும் ஐந்து இனத்தவரும் தங்கள் நாடு முழுவதையும் அத்தகைய ஒரே வீடாகக் கருதினர். மோஹாக்குகள் அதன் கிழக்கு வாயிலையும் செனிகாக்கள் மேற்கு வாயிலையும் காக்க, நடுவிலிருந்த ஒனொண்டாகாவினர் பொது அவையின் தீயை அணையாமல் பேணினர். கரோலினாவில் குடியேற்றக்காரர்களோடு நடந்த போரில் தோற்று வடக்கே வந்த டஸ்கரோரா இனத்தவர் 1722ஆம் ஆண்டளவில் ஆறாவது உறுப்பினராகச் சேர்ந்தனர். பொது அவையில் 50 தலைவர் பதவிகள் இருந்தன. அப்பதவிகளுக்குரிய பெயர்கள் தலைமுறைதோறும் தொடர்ந்தன. பதவிக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், அவர் கடமை தவறினால் நீக்கும் உரிமையும் குலத்தாய்மார்களிடம் இருந்தன. மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் பயிரிட்டு ஊருக்குச் சோறிட்டவர்களும் பெண்களே என்பதால், அவர்களுடைய இசைவின்றிப் போரோ அமைதியோ நெடுநாள் நீடிக்க இயலாது. எவருக்கும் ஆணையிடும் அதிகாரம் இல்லாத, கலந்து பேசி ஒருமனப்படுவதையே நம்பிய இந்த அமைப்பு, ஆணையும் அடிபணிதலுமே அரசு என்று பழகியிருந்த ஐரோப்பியருக்கு எளிதில் பிடிபடவில்லை.

1609ஆம் ஆண்டில் இரு வேறு திசைகளிலிருந்து ஐரோப்பியர் இந்நாட்டின் விளிம்பை எட்டினர். முந்தைய ஆண்டில் கியூபெக்கை நிறுவிய பிரெஞ்சுக்காரர் சாமுவேல் த சாம்ப்ளேன், தம் நண்பர்களான ஹியூரான், அல்கொன்கின் வீரர்களுடன் தெற்கே வந்து, பின்னாளில் தம் பெயரால் வழங்கப்பட்ட ஏரியின் கரையில் மோஹாக் படையொன்றின்மீது துப்பாக்கியால் சுட்டுத் தலைவர்களை வீழ்த்தினார். அதே ஆண்டில், டச்சு நிறுவனமொன்றிற்காகக் கப்பல் செலுத்திய ஹென்றி ஹட்சன், இன்று அவர் பெயரைத் தாங்கும் ஆற்றின்வழியே உள்நாடுவரை வந்து வணிகத்துக்கு வழி திறந்தார். டச்சுக்காரர்கள் 1624இல் அவ்வாற்றங்கரையில் எழுப்பிய ஆரஞ்சுக் கோட்டையே, 1664இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் ஆல்பனி என்னும் நகராயிற்று. ஆக, ஒருபுறம் பகையாகவும் மறுபுறம் சந்தையாகவும் ஐரோப்பா அறிமுகமானது; இரண்டையும் எடைபோட்டு நடந்துகொள்ளும் கலையைக் கூட்டமைப்பு மிக விரைவில் கற்றது.

வணிகத்தின் அச்சாணி பீவர் என்னும் கொறிவிலங்கின் தோல். அதன் நீண்ட முரட்டு மயிருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளைக் கொண்ட மென்மயிர் அடர்ந்திருக்கும். அதை அடித்து இறுக்கினால் நீர் புகாத, உருக்குலையாத கம்பளித் தகடு கிடைக்கும். ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் அத்தகட்டால் செய்யப்பட்டன. ஐரோப்பாவிலேயே பீவர்கள் அருகிப்போனதால் அமெரிக்கத் தோலுக்குத் தேவை பெருகிற்று. பூர்வகுடிகள் குளிர்காலம் முழுவதும் போர்வையாக அணிந்து, முரட்டு மயிர் உதிர்ந்து, உடல் எண்ணெய் ஊறிய பழந்தோலுக்கே தொப்பிக்காரர்களிடம் கூடுதல் விலை கிடைத்தது. தோலுக்கு மாற்றாக இரும்புக் கோடரி, செம்புக் கொப்பரை, கம்பளித் துணி ஆகியவை வந்தன. 1640களில் துப்பாக்கியும் வெடிமருந்தும் பெருமளவில் வந்து சேர்ந்தன.

சரக்கோடு நோயும் வந்தது. ஆரஞ்சுக் கோட்டையின் மருத்துவரான ஹார்மன் வான் டென் போகார்ட் 1634ஆம் ஆண்டு டிசம்பரில் மோஹாக் நாட்டினூடே பயணம் செய்தபோது, பெரியம்மையால் பலர் இறந்துவிட்டதால் ஊருக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்த தலைவரொருவரைப் பற்றியும், ஊர்களைச் சுற்றியிருந்த புதைமேடுகளைப் பற்றியும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இறந்தவரின் இடத்தைப் பிறரால் நிரப்புவது ஹோடினோஷோனி மரபு; அதற்காகவே பகைவரைச் சிறைபிடித்து வந்து, சிலரை வதைத்துக் கொன்றும், பலரைக் குடும்பத்தில் தத்தெடுத்து மாண்டவரின் பெயரையே சூட்டியும் துக்கம் தீர்த்துக்கொண்ட போர்முறையை ஆய்வாளர்கள் துக்கப்போர் என்பர். கொள்ளைநோயால் இழப்பு பெருக, இப்போர்களும் பெருகின. 1649இல் ஹியூரான் நாடே சிதைந்தது. அதன் மக்களில் கணிசமானோர் ஹோடினோஷோனி ஊர்களில் குடியமர்த்தப்பட்டனர். பேரரசுகளின் வருகையால் துன்புற்ற இனமே அண்டை இனங்களுக்குப் பெருந்துன்பம் விளைத்தது என்னும் இந்த உண்மையை விலக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத முடியாது.

போருக்கு இணையாக வளர்ந்த அரசதந்திரத்தின் கருவி வாம்பம் என்னும் மணி. லாங் தீவை ஒட்டிய கடற்கரைகளில் கிடைத்த சங்கின் நடுத்தண்டிலிருந்து வெண்மணிகளும், தடித்த ஓடுடைய மட்டியின் கருநீலப் பகுதியிலிருந்து ஊதா மணிகளும் செய்யப்பட்டன. ஓட்டை உடைத்துத் துண்டாக்கி, இரு முனைகளிலிருந்தும் துளையிட்டு, கல்லில் தேய்த்து உருளையாக்கினால், விரல்நகத்தினும் சிறிய ஒரு மணி கிடைக்கும். ஊதா ஓடு கடினமாகையால் துளையிடுகையில் உடைந்துபோவதும் உண்டு. ஐரோப்பிய இரும்பு ஊசிகள் கிடைத்தபின் இவ்வேலை எளிதாகி, மணிகளின் எண்ணிக்கை பெருகிற்று. நாணயத் தட்டுப்பாட்டில் தவித்த குடியேற்றங்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இதையே பணமாகவும் வழங்கின. ஆனால் ஹோடினோஷோனி மக்களிடம் அது வாக்கின் உடலாக விளங்கியது. மணிகளைச் சரமாகக் கோத்தோ, தோல்நாரிலும் நார்க்கயிற்றிலும் பல வரிசைகளாக நெய்து பட்டையாக்கியோ அவையில் நீட்டாமல் சொன்ன சொல்லுக்கு எடை இல்லை. பட்டையைப் பெற்றுக்கொள்வது அச்சொல்லைச் செவிமடுத்ததற்கும், திருப்பி எறிவது மறுத்ததற்கும் அடையாளம். ஒனொண்டாகாவில் சேர்த்துவைக்கப்பட்ட பட்டைகளை உரியவர்கள் அவ்வப்போது எடுத்து, ஒவ்வொன்றின் பொருளையும் அவையறியச் சொல்லிக் காட்டி, இளையோருக்கு மனப்பாடமாக்கினர். இவ்வகையில் அவை ஆவணக் காப்பகமாகவே இயங்கின.

மணிப்பட்டை பேசிய அவைக்கென்று ஓர் ஒழுங்கும் இருந்தது. பழிக்குப் பழி வாங்கும் கொலைத்தொடரை நிறுத்தவே கூட்டமைப்பு பிறந்தது என்பதும், சமாதானம் கொணர்ந்தவர் என்று போற்றப்படுபவரும் ஹயவாதாவும் சேர்ந்து அதை நிறுவினர் என்பதும் அம்மக்களின் மரபுவழி வரலாறு. மகள்களை இழந்து துயருற்றிருந்த ஹயவாதாவுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் மொழிகளே துக்கம் விசாரிக்கும் சடங்காக நிலைத்தன. ஊருக்கு வரும் தூதர் நேரே உள்ளே நுழையக் கூடாது. காட்டின் விளிம்பில் தீ மூட்டிக் காத்திருக்கவேண்டும். எதிர்கொள்ள வருவோர் ஒரு சரத்தால் அவர்தம் கண்ணீரைத் துடைத்தும், ஒரு சரத்தால் செவியடைப்பை நீக்கியும், ஒரு சரத்தால் தொண்டையைத் தெளிவித்தும் வரவேற்பர். முந்தைய சந்திப்பிற்குப்பின் இறந்தவர்களுக்காக இரு தரப்பும் துக்கம் கேட்டபின்னரே அலுவல் தொடங்கும். அன்று கேட்ட கோரிக்கைக்கு அன்றே விடை கூறுவது மரியாதைக் குறைவு. நாட்கணக்கில் நீளும் இந்த முறைமை ஐரோப்பிய அதிகாரிகளுக்குச் சலிப்பூட்டினாலும், அதை மீறியவர்களின் பேச்சு எடுபடாததால், ஆளுநர்களும் அதைக் கற்றுக்கொண்டு சரம் நீட்டி அழுகை துடைத்தனர்.

இந்த மொழியில் அமைந்ததே உடன்படிக்கைச் சங்கிலி என்னும் கூட்டு. டச்சுக்காரர்களின் கப்பல் முதலில் கயிற்றால் மரத்தில் கட்டப்பட்டது. கயிறு இற்றுப்போகும் என்பதால் இரும்புச் சங்கிலியாயிற்று. இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளியாயிற்று என்று ஹோடினோஷோனி பேச்சாளர்கள் அவைதோறும் எடுத்துரைத்தனர். நியூயார்க் ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் காலத்தில், 1677இல் ஆல்பனியில் செய்யப்பட்ட உடன்பாடுகள் மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய குடியேற்றங்களையும் இதில் இணைத்தன. வெள்ளியும் கறுக்கும் என்பதால் ஆண்டுதோறும் கூடி, குறைகளைப் பேசித் தீர்த்து, பரிசுகளை வழங்கிச் சங்கிலியைத் துலக்கவேண்டும் என்பதே அதன் விதி. இலண்டன் கணக்கர்கள் இப்பரிசுகளைச் செலவு என்று எழுதினர். கூட்டமைப்போ அவற்றை உறவு உயிரோடிருப்பதற்கான சான்றாகக் கொண்டது.

17ஆம் நூற்றாண்டின் இறுதிப் போர்களில் பிரெஞ்சுப் படைகள் மோஹாக், ஒனொண்டாகா நாடுகளில் புகுந்து அழிவு விளைத்தபோது ஆங்கிலேயர் போதிய துணை தரவில்லை. போர்வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மறைந்தனர். அந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே 1701ஆம் ஆண்டின் இரட்டை உடன்பாடு. அவ்வாண்டு ஜூலையில் ஆல்பனிக்குச் சென்ற தலைவர்கள், பேரேரிகளை ஒட்டிய பரந்த பீவர் வேட்டைநிலத்தை ஆங்கிலேய மன்னரின் பாதுகாப்பில் ஒப்படைப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தனர்; அந்நிலத்தின் பெரும்பகுதியை மற்ற இனத்தவர் ஏற்கெனவே மீட்டுக்கொண்டுவிட்டதால், கையில் இல்லாததைக் கொடுத்துக் காவலைப் பெறும் வழியாகவே அதை அவர்கள் கருதியிருக்கவேண்டும். அதே வேளையில் மான்ட்ரியலில் கூடியிருந்த மற்றத் தலைவர்கள், ஆகஸ்ட் 4 அன்று, ஏறத்தாழ 40 இனங்களின் தூதர்கள் முன்னிலையில் பிரெஞ்சு ஆளுநர் கால்யேருடன் அமைதி செய்துகொண்டு, இனிமேல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டால் தாங்கள் நடுநிலை வகிப்பதாக வாக்களித்தனர். இரு பேரரசுகளுக்கும் ஒரே கோடையில் இருவேறு கைகள் நீட்டப்பட்டன. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குக் கூட்டமைப்பின் வலிமை இந்த இடைவெளியில்தான் இருந்தது: இரண்டு பேரரசுகளில் எதுவும் மற்றதை வீழ்த்தாதவரை, இரண்டுமே அதன் நட்புக்கு விலை கொடுத்தன.

இலண்டனிலும் பாரிசிலும் இந்த உறவு வேறுவிதமாகப் பதிவாயிற்று. 1710இல் மூன்று மோஹாக்குகளும் ஒரு மஹிக்கனும் இலண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, அவர்கள் அரசர்கள் அல்லர் என்றபோதிலும், இந்திய அரசர்கள் என்ற பெயரில் அரசி ஆனின் முன் நிறுத்தப்பட்டனர். ஓவியர் ஜான் வெரெல்ஸ்ட் அவர்களை வாம்பம் பட்டையும் போர்க்கருவியும் தாங்கிய கோலத்தில் தீட்டினார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உட்ரெக்ட் உடன்படிக்கை, ஐந்து இனத்தவரும் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் என்று அவர்களைக் கேளாமலே எழுதிவைத்தது. அவையில் உடன்பிறந்தார் என்று விளிக்கப்பட்டவர்கள் காகிதத்தில் குடிகளாயினர். அன்றைக்கு அது வெறும் எழுத்தாகவே இருந்தது. நிலத்தின் மீதான உரிமை கோரிக்கைகளுக்கு அடித்தளமாக அது பின்னாளில் பயன்பட்டது.

பேரரசு தந்த ஏற்றத்தைக் கூட்டமைப்பும் தன்னலத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. லெனாப்பி மக்களின் நிலத்தைப் பென்சில்வேனியா அதிகாரிகள் 1737இல் ஒரு பழம்பத்திரத்தைக் காட்டி ஏமாற்றிக் கைப்பற்றியபோது, நீதி கேட்ட அம்மக்களை, 1742இல் பிலடெல்பியாவில் ஒனொண்டாகாவின் கனசடேகோ அவையறியக் கடிந்து, நிலத்தைவிட்டு வெளியேறப் பணித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் லான்காஸ்டர் அவையில், தங்கள் கூட்டமைப்பைப்போல் ஒன்றுபட்டு நிற்குமாறு குடியேற்றங்களுக்கு அறிவுரை சொன்னவரும் அவரே. அந்த அவை நடவடிக்கைகளைப் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் அச்சகத்தில் நூலாக வெளியிட்டார். அதே அவையில் வர்ஜீனியாவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை, ஆங்கிலேயர் ஓஹையோ நாடுவரை நீட்டிப் பொருள்கொண்டனர்.

1753 ஜூனில் மோஹாக் தலைவர் ஹென்ட்ரிக், நிலமோசடிகளைச் சுட்டிக்காட்டி, உடன்படிக்கைச் சங்கிலி அறுந்துவிட்டது என்று நியூயார்க் ஆளுநரின் முகத்துக்கு நேரே அறிவித்தார். பிரான்சுடன் போர் மூளும் அறிகுறி தெரிந்த அவ்வேளையில் அச்சொல் இலண்டனையே கலக்கியதால், மறு ஆண்டு ஏழு குடியேற்றங்களின் பேராளர்கள் ஆல்பனியில் கூடிச் சமாதானம் பேசவேண்டிவந்தது. தொடர்ந்து, மோஹாக் பள்ளத்தாக்கில் குடியேறிய அயர்லாந்துக்காரரான வில்லியம் ஜான்சன் பூர்வகுடி அலுவல்களின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். மோஹாக் மொழியறிவும், மோலி பிரான்ட் என்னும் மோஹாக் பெண்ணுடனான இல்வாழ்க்கையும், சடங்குகளில் பெற்ற தேர்ச்சியும் அவரை இரு உலகங்களுக்கும் பொதுவானவராக்கின, பெருநிலக்கிழாராகவும் ஆக்கின.

பிரான்சுடன் மூண்ட அந்தப் போர் உலகெங்கும் நடந்தது. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றதும் மான்ட்ரியல் சரணடைந்ததும், 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் ஒரே போரின் கட்டங்கள். 1763இன் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. கனடாவைப் பிரிட்டனுக்கு நிலையாக வழங்கியது. முகமது அலியைக் கர்நாடகத்தின் உரிய நவாபாக இரு தரப்பும் ஏற்பதாகப் பெயர் சொல்லி எழுதிய அந்த ஆவணம், வட அமெரிக்கப் பூர்வகுடி இனங்களை அவ்வாறு அங்கீகரிக்கவில்லை. ஹோடினோஷோனி மக்களைத் தாங்கிநின்ற இடைவெளி அன்றே மூடிற்று. இனிப் போட்டியாளர் இல்லை என்று கண்ட தளபதி ஆம்ஹெர்ஸ்ட், பரிசுகளையும் வெடிமருந்தையும் குறைத்தார். விளைவாக மேற்கில் பான்டியாக் தலைமையில் மூண்ட எழுச்சியில் செனிகாக்களும் சேர்ந்து பிரிட்டிஷ் கோட்டைகளைத் தாக்கினர். பணிந்துபோன பேரரசு, 1763 அக்டோபர் 7 அன்று வெளியிட்ட அரச பிரகடனத்தில், அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறத் தடைவிதித்து, பூர்வகுடி நிலத்தைப் பொது அவையில் அரசு மட்டுமே வாங்கலாம் என்று அறிவித்தது.

அந்த எல்லை ஐந்தாண்டுகளே நின்றது. 1768 இலையுதிர்காலத்தில் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் ஜான்சன் கூட்டிய அவைக்கு 3,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் வந்தனர். பரிசுச் சரக்குகள் படகு படகாக வந்து குவிந்தன. நவம்பர் 5 அன்று, 10,000 பவுனுக்கும் சற்று மேற்பட்ட தொகைக்கு, ஓஹையோ ஆற்றுக்குத் தெற்கே இன்றைய கென்டக்கி உள்ளிட்ட பெருநிலம் கைமாறியது. அது ஷானி முதலிய இனத்தவர் வேட்டையாடிய நிலம். விற்றவர்களோ தம் சொந்த ஊர்களைக் காத்துக்கொள்ளக் குடியேற்ற வெள்ளத்தைத் தெற்கே திருப்பிவிட்டனர். இலண்டன் அனுமதித்ததைவிட மேற்கே ஜான்சன் எல்லையைத் தள்ளியதில் நிலவணிகர்களின் நலனும் கலந்திருந்தது.

1775இல் குடியேற்றங்களே பேரரசை எதிர்த்து எழுந்தபோது கூட்டமைப்பு பிளவுற்றது. ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கமும், மோஹாக், செனிகா முதலியோர் பெரும்பாலும் பிரிட்டன் பக்கமும் நின்றனர். 1777 தொடக்கத்தில் கொள்ளைநோயால் தலைவர்கள் பலர் மடிய, ஒனொண்டாகாவின் அவைத்தீ மூடிவைக்கப்பட்டது. 1779இல் வாஷிங்டனின் ஆணைப்படி ஜெனரல் ஜான் சல்லிவன் நடத்திய படையெடுப்பு ஏறத்தாழ 40 ஊர்களை எரித்து, விளைந்து நின்ற சோளக்கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. 1783இல் போரை முடித்த உடன்படிக்கையிலும் பூர்வகுடிகளுக்கு இடமில்லை. நண்பர்களின் நாட்டைப் பகைவரிடம் விட்டுவந்த பிரிட்டன், பரிகாரமாக 1784 அக்டோபரில் ஆளுநர் ஹால்டிமாண்டின் ஆணையால், கனடாவின் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகல நிலத்தை வழங்கிற்று. அந்நிலத்திலும் இன்று எஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்களவே.

வலிமை போனபின்னும் உறவின் வடிவத்தை அம்மக்கள் விட்டுவிடவில்லை. 1794இல் கனன்டைகுவாவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருள்கள் வழங்கப்படவேண்டும். துணியாக அதைப் பெறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தங்கள் மரபு அவையைக் கனடா அரசு ஒடுக்க முயன்றபோது, 1923இல் கயூகா தலைவர் டெஸ்கஹே கூட்டமைப்பு வழங்கிய கடவுச்சீட்டுடன் ஜெனீவா சென்று, நாடுகளின் சங்கத்திடம் முறையிட முயன்றார். அவரது மனு ஏற்கப்படவில்லை. 1924இல் மரபு அவை கலைக்கப்பட்டு, தேர்தல்வழி அவை திணிக்கப்பட்டது. அருங்காட்சியகங்களில் சேர்ந்திருந்த வாம்பம் பட்டைகளில் பல, 1980களின் இறுதியில்தான் ஒனொண்டாகாவுக்கும் கிராண்ட் ஆற்றுக்கும் திரும்பின.

பேரரசுகளுடனான உறவில் ஹோடினோஷோனி மக்களை வெறும் பலியாட்களாகக் காண்பதற்கோ, குறையற்ற மாண்பினராகப் போற்றுவதற்கோ இவ்வரலாறு இடம் தரவில்லை. இரு பேரரசுகளின் போட்டியை முதலாக வைத்து அவர்கள் பெற்ற சமநிலை, போட்டி முடிந்ததும் குலைந்தது. அதுவரை பேரரசு காட்டிய பணிவு அறத்தால் அன்றித் தேவையால் விளைந்தது என்பது 1763க்குப்பின் வெளிப்பட்டது. எனினும் அந்தத் தேவைக்காலத்தில் கையெழுத்திட்ட வாக்குகள் சட்டமாக எஞ்சின. 1763இன் பிரகடனம் கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் பெயர் குறித்துக் காக்கப்பட்டுள்ளது; கிராண்ட் ஆற்று மக்கள் தொடுத்துள்ள நில வழக்குக்கு ஹால்டிமாண்டின் ஆணையே ஆதாரம். சலுகை கேட்போராக அல்லாமல், உடன்படிக்கையின் மறுதரப்பாக நின்று அவர்களால் இன்றும் வழக்காட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் பேரரசைத் தங்கள் அவையில், தங்கள் முறைப்படி வாக்களிக்கவைத்த முன்னோரின் அரசதந்திரமே.